மூலையில் ‘இது கற்பனை’ என்று போடச் சொன்ன தேர்வுக் குழுவினருக்கு

திரைப்பட விழாத் தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் படத்துக்கு உங்களிடமிருந்து மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் பதில் ஆவணப்படப் பிரிவிலிருந்து வந்தது: ‘படத்தில் வருபவர் நடிகர் என்று தெரியவருவதால் பரிசீலிக்க இயலாது.’ விதி அப்படியென்றால் சரி என்று கதைப்படப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டோம். அங்கிருந்து வந்தது இரண்டாவது: ‘ஒளிப்பதிவிலும் ஒலியிலும் அடிப்படைத் தரம் இல்லை. ஃபோகஸ் தவறுகிறது. ஒலி அறுபடுகிறது.’ மூன்றாவதைத் தொலைபேசியில் சொன்னீர்கள். சிறப்புத் திரையிடலாக ஒரு காட்சி ஒதுக்கலாம், ஆனால் 81 நிமிடமும் திரையின் மூலையில் ‘இது கற்பனை’ என்ற வரி நிற்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதோடு நானும் அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் தேர்வான படங்களை அறிவித்த மேடையில் உங்களில் ஒருவர், பெயர் சொல்லாமல், ஆவணப்படம் மாதிரி எடுத்து ஆளை ஏமாற்றுவது இப்போது சிலருக்குக் குறுக்குவழியாகிவிட்டது என்று பேசினார். கூட்டம் சிரித்தது. எங்கள் குழுவின் ஒன்பது பேரில் நான்கு பேர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். ஏமாற்று என்பதைக்கூட விவாதிக்கலாம். குறுக்குவழி என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது. எந்த வழியில் போனோம் என்று உங்களுக்கும், அன்று சிரித்தவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. சினிமாவில் கதாநாயகன் நடந்து வரும்போது நாம் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் அவருடைய காலடியிலிருந்து வருவதில்லை. ஒலிக்கூடத்தில் வேறு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே, அதே தாளத்தில் நடந்து பதிவு செய்கிறார். பேசும்படத்தின் தொடக்க காலத்தில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்துவந்த ஜாக் ஃபோலியின் பெயரால் இதற்கு ஃபோலி என்று பெயர். பனியில் நடக்கும் சத்தத்துக்குச் சோளமாவுப் பையை அமுக்குவார்கள். எலும்பு முறிய செலரித் தண்டை ஒடிப்பார்கள். பறவை சிறகடிக்கத் தோல் கையுறையை உதறுவார்கள். எங்கள் படத்தின் நாயகர் அப்படி முப்பது வருடம் பிறருக்காக நடந்த ஒரு பெரியவர். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படக் குழு படம் எடுக்கிறது. பெரியவரும் கற்பனை, அந்தக் குழுவும் கற்பனை. ஆவணப்படம் போலவே எடுக்கும் இந்த வகைக் கற்பனைப் படத்துக்கு மாக்குமென்டரி என்று பெயர்.

முதலில் ஃபோகஸ் விஷயத்தைப் பேசுவோம். நீங்கள் குறையாக எழுதியதும், நாங்கள் அதிகம் பாடுபட்டதும் ஒரே இடம் என்பதால்.

கதைப்படத்தில் ஒரு ஆள் கதவைத் திறந்து வருகிறார் என்றால் கேமரா அதற்கு முன்பே கதவருகில் போய் நிற்கும். அவர் வரப்போவது அதற்குத் தெரியும். ஆவணப்படத்தில் தெரியாது. கதவு திறக்கும், சத்தம் கேட்கும், அப்புறம்தான் கேமரா திரும்பும். திரும்பிய பிறகு ஃபோகஸ் தேடும். அந்த அரை நொடிதான் இந்த வகைப் படத்தின் உயிர்நாடி. மற்றதெல்லாம் ஒப்பனை.

முதல் நாள் இது எங்களுக்கே புரியவில்லை. ஒளிப்பதிவாளர் நல்ல அனுபவசாலி. ஒத்திகை பார்த்தோம், நடிகர் எங்கே எழுவார், எங்கே திரும்புவார் என்று குறித்துக்கொண்டார். எடுத்தோம். இரவு போட்டுப் பார்த்தால் கேமரா நன்றாகக் குலுங்குகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரைக் கையில் தூக்கிக்கொண்டு எடுத்த மாதிரி இருந்தது. வேண்டுமென்றே குலுக்கும் கேமராவுக்கு ஒரு சீரான தாளம் வந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் ஃபுட்டேஜ் முழுவதையும் தூக்கிப் போட்டோம். எங்களுக்கு இருந்ததே 11 நாள்.

இரண்டாம் நாளிலிருந்து ஒத்திகையின்போது ஒளிப்பதிவாளரை வெளியே அனுப்பினேன். அவர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். “பன்னிரண்டு வருஷமா ஃபோகஸ் பிடிக்கக் கத்துக்கிட்டேன். இப்ப மறக்கச் சொல்றீங்க” என்றார். மறக்க வேண்டாம், உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டோம், நீங்கள் உண்மையாகவே துரத்திப் பிடியுங்கள் என்றேன். அன்றிலிருந்து காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்பது நடிகருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். சில சமயம் எனக்கும் பாதிதான் தெரியும்.

23ஆவது நிமிடத்தைப் பாருங்கள். பெரியவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று நிறுத்தி, கேமராவுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கிறார். “தம்பி, உங்க நடை சரியில்ல. வரும்போதே கவனிச்சேன். குதிகால் முதல்ல விழுது, ஆனா எடை அதுல இல்ல. கொஞ்சம் அந்தப் பக்கம் நடங்க.” இது ஒத்திகையில் இல்லாத வசனம். ஒளிப்பதிவாளர் திகைத்துப்போய் உண்மையாகவே நாலு அடி நடக்கிறார், கேமராவோடு. ஃபோகஸ் போகிறது, சுவர் வருகிறது, மின்விசிறி வருகிறது. அதற்குள் பெரியவர் கீழே குனிந்து, மேசையடியில் இருந்த இரண்டு பழைய காலணிகளைக் கையில் மாட்டிக்கொண்டு, தரையில் தட்டி அந்த நாலு அடிக்கும் சத்தம் போடுகிறார். கேமரா திரும்பி அவரைப் பிடிக்கும்போது நாலாவது அடி விழுகிறது. “இப்ப கேளுங்க. இப்பதான் நீங்க மனுஷன் மாதிரி நடக்கறீங்க.”

அந்த ஷாட்டில் லேசாக ஒரு அதிர்வு இருக்கும். ஒளிப்பதிவாளர் சிரிப்பை அடக்கியதால் வந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது என்று பிறகு காட்டினார். உங்கள் குறிப்பில் இந்தக் காட்சிக்கு நேராக ‘ஃபோகஸ் இழப்பு, தேவையற்ற அசைவு’ என்று இருக்கிறது. இரண்டாவது டேக் எடுக்க முடியாத காட்சி அது. எடுத்தால் ஒளிப்பதிவாளருக்குத் தெரிந்துவிடும்.

திரைக்கதையே 19 பக்கம்தான். அதில் ஒரு வரி வசனம் கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்றில் பெரியவருக்கு என்ன தெரியும், இன்னொன்றில் படக்குழுவாக நடிப்பவர்களுக்கு என்ன தெரியும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பேசுவதெல்லாம் அந்த இடத்தில் அவர்களாகப் பேசுவது. கேட்க எளிதாக இருக்கும். இப்படி எடுத்தால் 46 மணி நேர ஃபுட்டேஜ் சேரும், அதிலிருந்து 81 நிமிடம் எடுக்க வேண்டும். வசனம் எழுதாமல் தப்பித்த கடனை எடிட்டிங் மேசையில் ஏழு மாதம் அடைத்தோம். ஒரு டேக்கில் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும், அடுத்ததில் கையில் இருக்கும், இரண்டிலும் ஒரே பேச்சு, ஆனால் ஒன்றில்தான் சிரிப்பு. கண்ணாடி நெற்றியிலிருந்து கைக்கு வர ஒரு துண்டு ஷாட் தேடி எங்கள் எடிட்டர் மூன்று நாள் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது, ‘கட்’ சொன்ன பிறகும் யாரோ நிறுத்த மறந்த கேமராவில்.

குறுக்குவழி.

இனி ஒலி. எங்கள் படமே சத்தத்தைப் பற்றியது. அதனால் இந்தக் குற்றச்சாட்டுதான் அதிகம் உறைத்தது.

41ஆவது நிமிடத்தில் பெரியவருக்கு ஒரு செய்தி வருகிறது. அவர் வேலை பார்த்த இடத்தில் இனி காலடிகளைப் பதிவு செய்யப் போவதில்லை. ஏற்கெனவே பதிவான சத்தங்களின் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தொகுப்பில் இருப்பதும் அவருடைய காலடிகள்தான். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சட்டையில் குத்திய லேப்பல் மைக்கை மறந்துவிடுகிறார். கேமரா சாத்திய கதவின் மேல் 1 நிமிடம் 50 நொடி நிற்கிறது. திரையில் கதவு மட்டும். காதில் மைக் வழியாக உள்ளே நடப்பது வருகிறது. துணி உரசுகிறது, மூச்சு, அலமாரி திறக்கும் சத்தம், பிறகு காலணி தரையில் விழுகிறது. பிறகு அவர் நடக்கிறார். மெதுவாக, முப்பது வருடம் முன்பு யாருக்காகவோ நடந்த ஒரு நடையை, திரையில்லாமல், தனியாக. நடுவில் இரண்டு முறை ஒலி அறுந்து திரும்ப வருகிறது.

அந்த அறுபடலைத்தான் தரக்குறைவு என்றீர்கள்.

நடந்தது இது. வயர்லெஸ் மைக்கின் அலை தடித்த சுவரைத் தாண்ட முடியாமல் படப்பிடிப்பில் நிஜமாகவே அறுந்தது. எங்கள் ஒலிப்பதிவாளர் அதை எதிர்பார்த்து, நடிகரின் சட்டைப் பையில் ஒரு சின்ன ரெக்கார்டரையும் தனியாக ஓடவிட்டிருந்தார். அதில் ஒரு நொடிகூட அறுபடாமல் முழுப் பதிவும் இருக்கிறது. துல்லியமாக, 48 கிலோஹெர்ட்ஸில், குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாகக் கேட்கும். படத்தை முதன்முதலாகத் தொகுத்துப் பார்க்கும் ‘ரஃப் கட்’டில் அதைத்தான் போட்டோம். கேட்டதும் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். ஒலிப்பதிவாளர்தான் சொன்னார்: “இது ஃபோலி மாதிரி இருக்கு.” அவ்வளவு சுத்தமாக இருந்ததால், யாரோ ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து போட்ட சத்தம் மாதிரிக் கேட்டது. அறைக்குள் ஒரு மனிதர் இருப்பதாகத் தோன்றவில்லை. சுத்தமான பதிவை எடுத்துவிட்டு அறுந்ததைத் திரும்பப் போட்டோம். இரண்டாவது அறுபடலில் அரை நொடி மௌனம் வருகிறதல்லவா, முதல் திரையிடலில் அந்த இடத்தில் பார்வையாளர்கள் இருக்கையில் முன்னால் சாய்ந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் பெரியவர் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்தையும் அந்த நடிகரே, அந்த இடத்திலேயே, கேமரா ஓடும்போது எழுப்பினார். அதற்காகத் தொழில் தெரிந்த ஒருவரிடம் ஒரு மாதம் போய்க் கற்றுக்கொண்டார். படம் முடிந்த பிறகு ஒரே ஒரு காலடிகூட நாங்கள் சேர்க்கவில்லை. ஒலிக்கூடத்துக்குப் பணம் கட்டவும் வசதியில்லை, மனமும் இல்லை.

உண்மையான குறைகளும் இருக்கின்றன. 57ஆவது நிமிடத்தில் ஜன்னல் முழுக்க வெளுத்துப்போயிருக்கும். அதில் அழகியல் எதுவும் இல்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு ஒட்ட ஃபில்டர் தாள் எங்களிடம் இல்லை, அவசரத்தில் எடுத்தோம். 64ஆவது நிமிடத்தில் வாயசைவும் ஒலியும் இரண்டு ஃப்ரேம் விலகும். இரண்டு கேமராவில் ஒன்று வாடகைக்கு எடுத்தது, அதன் கடிகாரம் வேறு மாதிரி ஓடியது, கடைசி ஏற்றுமதியில் கவனிக்கத் தவறிவிட்டோம். இந்த இரண்டையும் நீங்கள் எழுதியிருந்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். உங்கள் குறிப்பில் இரண்டும் இல்லை. வேண்டுமென்று செய்ததெல்லாம் குறையாகத் தெரிந்திருக்கிறது, குறை கண்ணில் படவில்லை.

ஏமாற்று என்பதற்கு வருகிறேன்.

வட கனடாவின் இன்யூட் மக்களைப் பற்றி 1922இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தை ஆவணப்பட வரலாறு எழுதுபவர்கள் தொடக்கத்தில் வைக்கிறார்கள். அதில் நானூக் என்று வருபவரின் பெயர் நானூக் இல்லை. மனைவியாக வருபவர் மனைவி இல்லை. துப்பாக்கி வைத்து வேட்டையாடப் பழகிவிட்டவர்களை ஈட்டியோடு போகச் சொன்னார்கள். உள்ளே கேமராவும் வெளிச்சமும் போக வேண்டும் என்பதற்காகப் பனிவீட்டை ஒரு பக்கம் திறந்து கட்டினார்கள். அந்தப் படத்தை யாரும் ஆவணப்படப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. 1989இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது முதல் 25 படங்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது இன்னும் நேரடியானது. பீட்டர் வாட்கின்ஸ் பிபிசிக்காக 1965இல் எடுத்த ‘தி வார் கேம்’. பிரிட்டன் மீது அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்திப்படம் மாதிரி, தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை வைத்து எடுத்தார். நடக்காத ஒரு நிகழ்ச்சி. கையில் தூக்கிய கேமரா, பேட்டிகள், குலுங்கும் ஃப்ரேம். பிபிசி அதை ஒளிபரப்ப மறுத்தது, 1985இல்தான் ஒளிபரப்பானது. அதற்குள் 1967இல் அந்தப் படம் சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கிவிட்டது. எங்கள் படம் அந்த வரிசையில் நிற்கும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு பித்து இல்லை. உங்கள் முதல் கடிதத்தின் விதிப்படி அந்தப் படம் ஆவணப்படப் பிரிவில் நுழையவே முடியாது, இரண்டாவது கடிதத்தின் கண்ணோடு பார்த்தால் கதைப்படப் பிரிவிலும் முடியாது. அதை மட்டும் சொல்கிறேன்.

காட்டு விலங்குகள் பற்றிய ஆவணப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் போகும் விலங்கை நீண்ட லென்ஸ் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். சத்தத்தைக் கொண்டுவராது. மைக்குக்கு ஜூம் கிடையாது. ஆனால் படத்தில் பாதம் மண்ணில் படும் சத்தம் காதருகில் கேட்கிறது. பல படங்களில் அதை ஒலிக்கூடத்தில் எங்கள் பெரியவர் மாதிரி ஒருவர் கையுறையோடு உட்கார்ந்து செய்கிறார். நகம் கீறும் சத்தத்துக்குக் கையுறையின் விரல்நுனியில் காகிதம் கோக்கும் கிளிப்பை ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல வேலை, மதிக்கிறேன், அதனால்தான் அதைப் பற்றியே படம் எடுத்தேன். ஆனால் அந்தப் படங்களின் மூலையில் ‘இந்தக் காலடி கற்பனை’ என்று போடச் சொல்லி நீங்கள் யாருக்கும் தொலைபேசியில் பேசியதாகத் தெரியவில்லை.

பார்வையாளரின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1995இல் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் ‘ஃபர்காட்டன் சில்வர்’ என்ற மாக்குமென்டரி ஒளிபரப்பானபோது பலர் நம்பினார்கள், கற்பனை என்று தெரிந்ததும் கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார்கள். நம்பி உட்கார்ந்தவரின் நம்பிக்கையை என்ன செய்கிறோம் என்ற கேள்வி இந்த வகைப் படம் எடுக்கும் எல்லோருக்கும் உண்டு. எங்களுக்கும் ஒருநாள் வந்தது.

நாலாம் நாள், தெருவில் எடுத்தோம். பெரியவர் ஓரமாக உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் நடைக்கு வாயாலேயே சத்தம் போடுகிறார். நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நான்கு பேர் அவரோடு பேசினார்கள். அவர் கதையை நம்பி, ஒருவர் தன் அப்பாவின் நடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு நிமிடக் காட்சி, படத்திலேயே அதிகம் சிரிக்க வைத்திருக்கும். எடுத்து முடித்ததும் நால்வரிடமும் உண்மையைச் சொல்லி ஒப்புதல் கேட்டோம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவைப் பற்றிப் பேசியவர் போடவில்லை. “நான் நிஜமா பேசினேன்” என்று மட்டும் சொன்னார். அவரை மட்டும் வெட்ட வழியில்லை, எல்லா ஷாட்டிலும் அவர் தோளோ கையோ இருந்தது. ஆறு நிமிடத்தையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு, நடப்பது என்னவென்று தெரியாத எவரும் கேமரா முன் வரக் கூடாது என்று முடிவு செய்தோம். முன்பே செய்திருக்க வேண்டிய முடிவு. ஒளிப்பதிவாளர் மட்டும் விதிவிலக்கு, அவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார்!

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நாங்கள் எதையும் மறைக்கவில்லை. படம் முடிந்ததும் முதல் எழுத்தே ‘கதை’ என்றுதான் வரும். அடுத்து, பெரியவராக நடித்தவரின் பெயர். விளக்குப் போடும் முன்பே உண்மை திரையில் இருக்கிறது. எங்கள் முதல் திரையிடல் முடிந்ததும் ஒரு பெண்மணி வந்து, பெரியவருக்குக் கடிதம் எழுத வேண்டும், முகவரி வேண்டும் என்றார். கண் கலங்கியிருந்ததால் எழுத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நடிகரை அழைத்து நிறுத்தினேன். பெண்மணி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நடிகரையே பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “அந்தக் காலணியாவது உங்களுதா?” என்று கேட்டார். “அது மட்டும் என்னுதும்மா” என்றார் நடிகர்.

அந்தப் பெண்மணியை நாங்கள் ஏமாற்றினோமா என்று நான் இப்போதும் யோசிக்கிறேன். மேடையில் ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னவர் அவ்வளவு யோசித்திருப்பார் என்று தோன்றவில்லை.

மூலையில் அந்த வரி நின்றால் என்ன ஆகும்? மூடிய கதவின் மேல் 1 நிமிடம் 50 நொடி ‘இது கற்பனை’ என்று நிற்கட்டும். யாரும் கதவைப் பார்க்கமாட்டார்கள், காதும் கொடுக்கமாட்டார்கள், திரும்பத் திரும்ப அந்த இரண்டு சொல்லைப் படித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு விஷயம், உங்கள் கதைப்படப் பிரிவில் தேர்வான எல்லாப் படங்களும் கற்பனைதான். எதன் மூலையிலும் எழுத்து இல்லை. கேமரா ஆடாமல் நின்றால் கற்பனைக்கு மன்னிப்பு, ஆடினால் முத்திரை என்பதுபோல் இருக்கிறது.

உங்களிடம் கேட்பவை இவை.

மேடையில் சொன்ன ஏமாற்று, குறுக்குவழி என்ற சொற்களை, சொன்ன இடத்திலேயே, அதாவது பொதுவில், திரும்பப் பெறுங்கள். ஒன்பது பேரின் வேலையைப் பற்றிய சொல் அது. அதில் இருவருக்கு இது முதல் படம்.

படம் முழுக்க எழுத்து என்ற நிபந்தனையை எங்களுக்கு மட்டுமில்லாமல் இனி வரும் எந்தப் படத்துக்கும் வைக்காதீர்கள். பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நிகழ்ச்சி நிரலில் ‘மாக்குமென்டரி’ என்று அச்சிடுங்கள், திரையிடல் முடிந்ததும் மேடையில் அறிவியுங்கள், நாங்களே வந்து நின்று பதில் சொல்கிறோம். ஃப்ரேமுக்குள் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்த முறை படங்களுக்கு அழைப்பு விடுவதற்கு முன், இந்த வகைப் படம் எந்தப் பிரிவில் வரும் என்று விதியில் எழுதுங்கள். கதைப்படத்தில் என்றால் கதைப்படத்தில். தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு கதவில் தட்டினால் அடுத்த கதவைக் காட்டுவதும், அங்கே போனால் ஆளில்லை என்பதும் மட்டும் வேண்டாம்.

நிராகரிக்கும்போது நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். ‘அடிப்படைத் தரம் இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு ஒலிப்பதிவாளர் எதைத் திருத்துவார்? பார்க்கும் குழுவில் ஒலியில் வேலை செய்த ஒருவராவது இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த மடலின் பிரதியோடு உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு ஒலிக்கோப்புகள் அனுப்பியிருக்கிறேன். 41ஆவது நிமிடக் காட்சியின் ஒலி மட்டும். ஒன்று சட்டைப் பை ரெக்கார்டரின் அறுபடாத பதிவு. இன்னொன்று படத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்து 4 நிமிடம்கூட வராது. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஹெட்ஃபோனில், குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் இரண்டாவது பதிவு தரக்குறைவுதான் என்று தோன்றினால் அப்படியே எழுத்தில் அனுப்புங்கள். கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், எங்கள் ஒலிப்பதிவாளர் பெயருக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
படத்தின் இயக்குநர், கடைசி இரண்டு நாள் பூம் மைக் பிடித்ததும் நான்தான்